வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் கொடு தாயி



இதை முதல்ல வீடியோவாத்தான் எடுத்தேன். ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணியும் பாதியில நிறுத்த வேண்டியதாப் போச்சு. எடிட் பண்ணித் தர்ற தம்பி, "மேடம், இதை எழுதிப் போட்டுடுங்க, அதான் சரியா வரும்"னு சொல்லிட்டார். அதனால இந்த வாரம் பதிவு மட்டும்தான். கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படிக்கிற மாதிரி வெச்சுக்கோங்க.

போன ஆனி மாசக் கடைசியில ஊர்லயிருந்து ஒரு போன். எங்க ஊர் பேராவூரணி பக்கம். வந்தது அம்மாவோட நம்பருக்கு. அம்மா 2024 தையில தவறிட்டாங்க. அந்த சிம்மை நான் இன்னும் நிறுத்தல. முதல்ல பேங்க் ஓடிபி வரணுமேன்னு என் போன்ல ரெண்டாவது சிம்மா போட்டேன். பேங்க் வேலையெல்லாம் முடிஞ்சும் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே இருக்கேன். செலவுக் கணக்கு பார்க்கச் சொல்லி உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கற நான் இதைச் செய்யறேன். சிரிச்சுக்கோங்க.

போன்ல பேசினவர் வயசானவர். ஆடி மொய் விருந்துக்குப் பத்திரிகை வைக்கணும்னார். என் குரலைக் கேட்டதும், "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் கொடு தாயி"ன்னார்.

எனக்கு 37 வயசு. சொந்தமா ஆடிட் ஆபீஸ் நடத்தறேன், எட்டு வயசுல பொண்ணு இருக்கா. ஆனா அந்த நிமிஷம் என் தலை தானா திரும்பி யாரையாவது தேடுச்சு. அப்பா 2015-லயே போயிட்டார். பெரியப்பா கஜா புயல் அடிச்ச அடுத்த வருஷம். பெரியம்மா 2022-ல. அப்பாவோட தங்கச்சி, எங்க அத்தை ஒருத்தர் இருக்காங்க. ஆனா மறதி நோய், என்னைப் பார்த்தா அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. ஆக நானும் தம்பியும்தான்.

"பெரியவங்க இல்லைங்க. நான்தான் இருக்கேன்"னு சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப தம்பி பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்"னார்.

அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் வர்றேன்.

இதைப் படிக்கிற நீங்க பெரும்பாலும் 25-லயிருந்து 35-க்குள்ள இருப்பீங்க. முதல் சம்பளம், எஸ்ஐபி, கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் இதெல்லாம்தான் இப்போதைக்கு உங்க கணக்கு. ஒரு நாள் குடும்பத்துல உங்களுக்கு மேல யாரும் இல்லாமப் போகும்னு எந்த ஃபைனான்ஷியல் பிளான்லயும் ஒரு கட்டம் கிடையாது. நானே நூத்துக்கணக்கான பேருக்கு பிளான் போட்டுக் கொடுத்திருக்கேன். ஓய்வுக்கு, குழந்தை படிப்புக்கு, வீட்டுக்கு எல்லாம் தனித்தனி வரி இருக்கும். இதுக்கு இல்ல. அறுபது வயசுல நடக்கப் போறதுன்னு எல்லாரும் நினைக்கிறோம். எனக்கு 35-ல நடந்துச்சு. என் க்ளையன்ட் ஒரு பையனுக்கு 26-ல.

என் தரப்பை முதல்லயே சொல்லிடறேன். பெத்தவங்களோட சொத்து விவரத்தை எக்செல்ல வாங்கி வைங்கன்னு நானும் இந்தச் சேனல்ல சொல்லியிருக்கேன், மத்தவங்களும் சொல்றாங்க. அது அவசியம், ஆனா அது பாதி வேலைதான். மீதிப் பாதியை நான் கோட்டை விட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

முதல் பாதியை வேகமா முடிச்சுடலாம்.

2019-ல ஒரு பொங்கல் லீவுல அம்மாவை உட்கார வெச்சு எக்செல் ஒண்ணு போட்டேன். பேங்க் கணக்கு, எஃப்டி, போஸ்ட் ஆபீஸ், எல்ஐசி, நிலப் பட்டா, வீட்டுப் பத்திரம், கேஸ் புக் வரைக்கும். 14 வரிசை வந்துச்சு. அம்மா போனப்புறம் அது நல்லா உதவுச்சு. நாமினி போட்டிருந்த கணக்கெல்லாம் இறப்புச் சான்றிதழும் கேஒய்சி-யும் கொடுத்ததும் ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சுது. ஒரே ஒரு எஃப்டி-க்கு நாமினி இல்ல. அதுக்கு மட்டும் அஞ்சு மாசம். இ-சேவையில வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிச்சு, விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிஞ்சு தாசில்தார் கையெழுத்து ஆகி, அப்புறம் பேங்க் கேட்ட உறுதிமொழிப் பத்திரம், ஜாமீன்தாரர்னு ஒவ்வொண்ணா. அந்த எஃப்டி-யில இருந்தது மூணு லட்சம். நாமினி பேரை எழுத ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஆடிட்டர் வீட்டு எஃப்டி.

நாமினின்னா சொந்தக்காரர் இல்ல, பணத்தை வாங்கி உரியவங்ககிட்ட சேர்க்கிற பொறுப்பாளர்னு பல தடவை சொல்லியிருக்கேன். ஷேர் விஷயத்துலயும் அதேதான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ்ல பெத்தவங்க, கணவன் மனைவி, பிள்ளைங்களை நாமினியாப் போட்டா 2015 திருத்தத்துக்கு அப்புறம் கொஞ்சம் வேற மாதிரி, அவங்களுக்கே உரிமை போகும். 2025 நவம்பர் 1-லயிருந்து பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம். இதையெல்லாம் ஏற்கெனவே வீடியோவாப் போட்டாச்சு, அங்கேயே பாருங்க.

ஆனா உங்களை நேரடியாப் பாதிக்கிற ஒண்ணு மட்டும் இங்க சொல்லணும், ஏன்னா முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நீங்க கல்யாணம் ஆகாத இந்து ஆண், உயில் எழுதலன்னு வைங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா 1956 வாரிசுரிமைச் சட்டப்படி உங்க சொத்து முழுக்க அம்மாவுக்குத்தான். அப்பாவுக்குப் பங்கு இல்ல. அவர் ரெண்டாவது வகுப்பு வாரிசு. அதே வீட்டுல கல்யாணம் ஆகாத பொண்ணு இறந்தா அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் சமமா. கல்யாணம் ஆன பொண்ணு, கணவனும் குழந்தையும் இல்லாம இறந்தா, அவ சொந்தமாச் சம்பாதிச்சது முதல்ல கணவனோட வாரிசுகளுக்குப் போகும், பெத்தவங்க அதுக்கு அப்புறம்தான். ஐடி கம்பெனியில பத்து வருஷம் உழைச்சுச் சேர்த்த ஒரு பொண்ணோட பணம், அவ முகத்தையே பார்க்காத மச்சினனுக்குப் போகலாம். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டம் வேற.

இதுக்கு மருந்து உயில்தான். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்ல. பயனடையறவங்க அல்லாத ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து. நான் அம்மா போன நாலாவது மாசம் எழுதினேன். ரெண்டு சாயங்காலம் ஆச்சு. இன்னொண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி இபிஎஃப்-ல போட்ட நாமினேஷன் கல்யாணத்தோட செல்லாமப் போயிடும். புதுசாப் போடணும். இந்த வரியைப் படிச்சதும் யூஏஎன் போர்ட்டலைத் திறக்கறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும்.

சரி, இது போதும். என் தப்புக்கு வர்றேன்.

அந்த எக்செல்ல 14 வரிசைன்னேன் இல்லையா. பதினாலும் சொத்து. அம்மா யாருக்கு என்ன தரணும்னு ஒரு வரிசைகூட இல்ல. நான் கேட்கல. பேலன்ஸ் ஷீட்ல சொத்துப் பக்கத்தை மட்டும் போட்டு, கடன் பக்கத்தைக் காலியா விட்டு ஒரு கம்பெனி கொண்டுவந்தா நான் கையெழுத்துப் போடுவேனா? சொந்த அம்மாவுக்குப் போட்டேன். ரிட்டயர்டு சத்துணவு அமைப்பாளர், அவங்களுக்கு என்ன கடன் இருக்கப் போகுதுன்னு ஒரு நினைப்பு.

அம்மா காரியம் முடிஞ்ச மறுநாள், எங்க வீட்டுக்குப் பால் ஊத்தற அக்கா வந்தாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பலருந்து வர்றவங்க. திண்ணை ஓரமா நின்னுக்கிட்டே, "பாப்பா, அம்மா எனக்கு 15,000 தரவேண்டி இருக்கு. இப்ப கேக்கக் கூடாதுதான். நீங்க கிளம்பிட்டா அப்புறம் எப்ப வருவீங்கன்னு தெரியல"ன்னாங்க.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எழுத்து ஏதாவது இருக்காக்கா?"

பதினாறு நாள் தூக்கம் இல்ல, வந்தவங்க எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கலாம். உண்மை என்னன்னா அது என் தொழில் பேசுச்சு. அதுக்கு முந்தின நாள்தான் வேற ஒருத்தர் வந்து, அப்பா காலத்துக் கணக்குன்னு ஏதோ சொல்லி, தம்பி விசாரிச்சதும் நழுவிட்டார். அந்தக் கடுப்பு இந்த அக்கா மேல இறங்குச்சு. அவங்க, "எழுத்தெல்லாம் இல்ல பாப்பா. உங்கம்மாவுக்குத் தெரியும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

உங்கம்மாவுக்குத் தெரியும். அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஆடிட்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரு கம்பெனி இன்னாருக்கு இவ்வளவு தரணும்னு காட்டினா, நாங்க அந்த இன்னாருக்கே நேரா கடிதம் எழுதி, உங்களுக்கு வரவேண்டியது இவ்வளவுதானான்னு உறுதிப்படுத்திக்குவோம். ஒரு பக்கம் சொல்றதை இன்னொரு பக்கம் சரின்னு சொல்லணும். வீட்டுல பெரியவங்க இருக்கிற வரைக்கும் இந்த வேலை தானா நடக்குது. "ஏம்மா, இவங்க இப்படிச் சொல்றாங்களே?"ன்னு அடுக்களையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தா முடிஞ்சுது. அவங்க போனப்புறம் கடிதம் எழுத முகவரி இல்ல. எல்லை வேலி எங்க இருந்துச்சு, அந்தத் தென்னம்பிள்ளை யார் வெச்சது, எந்தப் பங்காளியோட எதுக்காகப் பேச்சு நின்னுச்சு, எதைக் கேட்டாலும் எதிர்ல இருக்கறவர் சொல்றதுதான் கணக்கு, இல்லன்னா நாம ஊகிக்கிறதுதான்.

எட்டு மாசம் கழிச்சு வீட்டைச் சுத்தம் பண்ணப் போனோம். பரண்ல ஒரு தகரப் பெட்டி. உள்ள மொய் நோட்டு மூணு.

மொய் விருந்து தெரியாத ஊர்க்காரங்களுக்கு ரெண்டு வரி. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம் ஆடி மாசத்துல நாலஞ்சு குடும்பம் சேர்ந்து பந்தல் போட்டு, கறி விருந்து வெச்சு ஊரைக் கூப்பிடுவாங்க. சாப்பிட்டுட்டு மொய் எழுதணும். வட்டி கிடையாது. உங்க முறை வரும்போது நான் செஞ்சதைத் திருப்பிச் செய்யணும், மேல கொஞ்சம் புது மொய்யும் போடணும். புதுசு போடாம வாங்கினதை மட்டும் திருப்பினா கணக்கை முடிச்சுக்கறோம்னு அர்த்தம். கிணறு வெட்ட, பிள்ளை படிப்புக்கு, கடை வைக்கன்னு அந்தப் பணம் போகும். கல்யாண மொய்க்கு வருமான வரி இல்ல. ஆனா கல்யாணம் இல்லாம, உறவினர் அல்லாதவங்ககிட்டயிருந்து ஒரு வருஷத்துல 50,000-க்கு மேல அன்பளிப்பா வந்தா வரி உண்டு. மொய் விருந்துப் பணம் அன்பளிப்பா, திருப்பித் தரவேண்டிய கடனாங்கறதுக்குத் தனி வீடியோவே போடலாம். போடுவேன்.

அப்பா கடைசியா மொய் விருந்து வெச்சது 2013-ல. தம்பி காலேஜ் ஃபீஸும் போர்வெல் மோட்டாரும் அதுலதான். அவர் போனப்புறம் ஒவ்வொரு ஆடியிலயும் அம்மா தனியாப் போய் யார் யார் முறையோ பார்த்துத் திருப்பிச் செஞ்சுக்கிட்டே இருந்திருக்காங்க. முடிஞ்ச பேருக்குப் பக்கத்துல சிவப்புப் பேனா டிக். பென்ஷன் பணத்துல. எங்ககிட்ட சொன்னதே இல்ல. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். டிக் இல்லாத குடும்பம் 38. தொகை 1,12,000 ரூபாய்.

மூணாவது நோட்டோட கடைசிப் பக்கத்துல அம்மா கையெழுத்து. 2017 கார்த்திகை, பால் ஊத்தற அக்கா பேரு, 25,000, "பெரியவளுக்கு அனுப்ப". அடுத்த வரியில 10,000 குடுத்தாச்சு.

மிச்சம் 15,000.

2017-ல நான் வேலையை விட்டுட்டுச் சொந்தமா ப்ராக்டிஸ் ஆரம்பிச்சேன். அந்தக் கதையை இந்தச் சேனல்ல பெருமையா ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். கையில எமர்ஜென்சி ஃபண்ட் இருந்துச்சு, தைரியமா இறங்கினேன்னு. ரெண்டு மாசத்துக்குத்தான் இருந்துச்சுங்க. மூணாவது மாசம் ஆபீஸ் அட்வான்ஸுக்கு அம்மா 25,000 அனுப்பினாங்க. ஏதுன்னு கேட்டதுக்கு தேங்காய் வித்த காசுன்னாங்க. நானும் நம்பினேன்.

சட்டம் என்ன சொல்லுது? இந்த மாதிரி கைமாத்துக்கு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. அது காலாவதி ஆயாச்சு. இறந்தவரோட கடனுக்கு வாரிசு பொறுப்புன்னாலும், வந்து சேர்ந்த சொத்து மதிப்புக்கு மேல ஒரு பைசா தரவேண்டியதில்ல. 38 குடும்பத்து மொய்யும் கோர்ட்ல நிக்காது. க்ளையன்டா இருந்தா தள்ளுபடி பண்ணிடுங்கன்னு எழுதிக் கொடுத்திருப்பேன்.

பணத்தை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நோட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவங்க எண்ணிப் பார்க்காம இடுப்புச் சுருக்குப்பையில வெச்சுக்கிட்டாங்க. "எழுதி வெச்சிருப்பாங்கன்னு தெரியும் பாப்பா"ன்னாங்க. டீ போடவான்னு கேட்கல. எங்க ஊர்ல வாசலுக்கு வந்தவங்களை டீ சாப்பிடறீங்களான்னு கேட்காம அனுப்பறது கிடையாது.

அதனால நான் இப்ப க்ளையன்ட்ஸ்கிட்ட வேற மாதிரி சொல்றேன். அப்பா அம்மாகிட்ட சொத்து விவரம் கேட்கப் போகாதீங்க. அதைக் கேட்டா பல வீட்டுல "நான் போயிடுவேன்னு பார்க்கறியா"ன்னு முகம் சுருங்கிடும். அதுக்குப் பதிலா, நாம யாருக்கு என்ன செய்யணும்னு கேளுங்க. யாரு நமக்குக் கஷ்டத்துல உதவினாங்க, யாரு மொய் பாக்கி, கோயிலுக்கு ஏதாவது நேர்ந்திருக்கீங்களா, யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கீங்களா. இந்தக் கேள்விக்கு யாரும் கோவிச்சுக்கிட்டு நான் பார்த்ததில்ல. ஒரு மணி நேரம் பேசுவாங்க. பேச்சோட பேச்சா சொத்து விவரமும் வந்துடும். போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, தெரியற மாதிரி வெச்சே பண்ணுங்க. எக்செல் அப்புறம் போட்டுக்கலாம்.

அடுத்தது உங்க சொந்தக் கணக்கு. ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா வைங்கன்னு எல்லாரும் சொல்றோம். அந்த ஆறு மாசக் கணக்குக்குள்ள யாரும் சொல்லாத ஒரு அனுமானம் இருக்கு. வேலை போனா ஊருக்குப் போயிடலாம். அரிசி இருக்கும், வாடகை இல்ல, அம்மா மருந்துச் செலவைத் தள்ளிப்போட்டாவது நமக்குத் தருவாங்க. 2017-ல என்னைக் காப்பாத்தினது பேங்க்ல இருந்த ரெண்டு மாசக் காசு இல்ல, அந்த வீடுதான். அம்மா இறந்த வருஷம் என் ஃபண்டை ஆறு மாசத்துலருந்து பன்னிரண்டு மாசமா ஏத்தினேன். ஒரு எஸ்ஐபி-யை ஒரு வருஷம் நிறுத்தி வெச்சுத்தான் செஞ்சேன். வருமானம் தர்ற முதலீட்டை நிறுத்தி எஃப்டி-யில போடறது முட்டாள்தனம்னு சக ஆடிட்டர் ஒருத்தர் சொன்னார். அவருக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்க.

செலவுப் பக்கமும் மாறும். முன்னாடி அம்மாவுக்குப் போன போனெல்லாம் இப்ப எனக்கு வருது. சித்தி மகளுக்கு வளைகாப்பு, பெரியப்பா பேரனுக்கு காலேஜ் ஃபீஸ் குறையுது, அத்தைக்கு டயப்பர். முதல் வருஷம் ஒவ்வொண்ணையும் எதிர்பாராத செலவுன்னு எழுதினேன். மாசா மாசம் வந்தா அது எப்படி எதிர்பாராத செலவு? இப்ப வருமானத்துல 5 சதவீதம் குடும்பம்னு தனிக் கணக்குல போயிடுது. அதுல இருக்கிற வரைக்கும் தருவேன், தீர்ந்தா இந்த மாசம் முடியலன்னு சொல்லுவேன். முடியலன்னு சொல்லப் பழகறதும் இந்த வேலையில ஒரு பகுதி. அம்மா நல்லாச் சொல்லுவாங்க. எனக்கு இன்னும் வரல.

சின்னச் சின்ன வேலைகளை மறந்துடாதீங்க. இறந்தவங்களுக்கு அந்த வருஷத்து வருமான வரி ரிட்டர்னை சட்டப்பூர்வ வாரிசா பதிவு பண்ணி நீங்க தாக்கல் பண்ணணும். ரீஃபண்ட் இருந்தாலும் அப்பத்தான் வரும். பத்து வருஷமாத் தொடாத பேங்க் கணக்கெல்லாம் ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போயிருக்கும், உத்கம் போர்ட்டல்ல பேரைப் போட்டுத் தேடலாம். அப்பா பேர்ல ஒரு பழைய சேமிப்புக் கணக்கு எனக்கு அப்படித்தான் கிடைச்சது. 2,300 ரூபாய். இந்தியாவுல வாரிசுச் சொத்துக்கு வரி கிடையாது, 1985-லயே எடுத்தாச்சு. விக்கும்போதுதான் வரி. அப்ப அப்பா வாங்கின விலைதான் உங்க விலை, 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கினதா இருந்தா அந்தத் தேதி மதிப்பை எடுத்துக்கலாம். பழைய பத்திரத்தைப் பத்திரமா வைங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

இப்ப, "தம்பி பேரைச் சொல்லு"ங்கற விஷயம்.

எங்க ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு. அப்பா இருந்தவரைக்கும் அப்பா பேர்ல, அப்புறம் அம்மா கட்டினாலும் ரசீது அப்பா பேர்லயே வந்துச்சு. அம்மா போன பங்குனியிலருந்து ரசீது தம்பி பேர்ல. தம்பி எனக்கு மூணு வயசு இளையவன், பெங்களூர்ல இருக்கான், எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில இருக்குன்னு என்னைக் கேட்டுத்தான் சொல்லுவான். கட்டிக் கொடுத்த பொண்ணு இன்னொரு ஊர்த் தலைக்கட்டுங்கறது கணக்கு. 1989-லயே தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்துச்சு. 2005-ல நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்களுக்கும் சேர்த்து. வரி நோட்டுல அதுக்கு இன்னும் பக்கம் ஒதுக்கல. தம்பி ரசீதை போட்டோ எடுத்து அனுப்பறான், நான் பாதிப் பணம் அனுப்பறேன். ரசீதுல ரெண்டு பேர் போட இடம் இருக்குடா, கேளுன்னு சொல்லியிருக்கேன். "கேட்கறேன்க்கா"ன்னு சொல்றான். ரெண்டு வருஷமாச் சொல்றான்.

இதை நான் புகாரா எழுதல. கொஞ்சம் புகார்தான். ஆனா அக்கா தங்கச்சிங்க இருக்கிற பசங்க இதைப் படிச்சா, வீட்டுப் பேப்பரெல்லாம் யார் கையில இருக்கு, கையெழுத்து மட்டும் யாரைக் கேட்கறாங்கன்னு ஒரு தடவை பாருங்க.

மொய் பாக்கி 1,12,000-ஐ என்ன பண்றதுன்னு தம்பிக்கும் எனக்கும் ஒத்து வரல. திருப்பித் தரணுங்கறதுல ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்ல, ஆளுக்குப் பாதி. அதுக்கு மேல என்னங்கறதுலதான் சண்டை. புது மொய் போட்டுக்கிட்டே போனாத்தான் ஊர்ல நமக்குன்னு ஒரு இடம் இருக்கும்ங்கறான் அவன். நான் முடிச்சுக்கலாம்னேன். நான் போனப்புறம் என் பொண்ணு சென்னையில உட்கார்ந்துக்கிட்டு, தெரியாத பேர்களுக்கு முன்னாடி டிக் இருக்கா இல்லையான்னு தேடக் கூடாது. கணக்கைச் சுத்தமா மூடிட்டுத்தான் கொடுக்கணும். ஒரு ஆடிட்டரா இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயமே இல்லன்னு அவன்கிட்ட கறாராச் சொல்லிட்டேன்.

ஆடி ரெண்டாவது வாரம் அந்த விருந்துக்குப் போனேன். நோட்டுல அவங்க குடும்பத்துக்கு 3,000 பாக்கி. சாப்பிட்டுட்டு எழுதற மேஜைக்குப் போனேன். எழுதறவர் நிமிர்ந்து பார்த்து யாருன்னார். அப்பா பேரைச் சொல்லி, மகள்னேன். அப்பா பேருக்குக் கீழே "மகள்"னு போட்டு என் பேரையும் எழுதினார். 3,000 எண்ணி வெச்சேன்.

"முடிச்சுக்கறீங்களா, புதுசு போடறீங்களா?"

பின்னாடி வரிசை நின்னுக்கிட்டு இருந்துச்சு. 500 புதுசுன்னு எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டேன். தம்பிகிட்ட இன்னும் சொல்லல.